மணப்பெண்ணின் நிலம் யாருக்கு? எலினோர் குடும்பத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "இடைக்கால ஐரோப்பாவில் அரச குடும்பங்களும் பிரபுக் குடும்பங்களும் கல்யாணம் செய்தே நாடுகளைச் சேர்த்தார்கள் என்று படித்தேன். ஒரு பெண்ணைக் கட்டினால் அவள் நிலமெல்லாம் கணவனுக்குச் சொந்தமாகிவிடுமா? மணம் முறிந்தால் நிலம் என்ன ஆகும்? அந்தப் பெண்களின் பேச்சுக்கு ஏதாவது மதிப்பு இருந்ததா?"

நிலம் பெண்ணோடு வரும், ஆனால் பெண்ணோடே திரும்பியும் போகும். கணவன் அதை ஆளலாம், வரி வாங்கலாம், அங்கிருந்து படை திரட்டலாம். உரிமை மட்டும் அவள் ரத்த வழியில்தான் இருக்கும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் 12ஆம் நூற்றாண்டின் பாதிப் போர்கள் எதற்கு நடந்தன என்று புரிந்துவிடும்.

விதி பெரிய சிக்கல் இல்லை. மகன் இருந்தால் சொத்தில் பெரும்பகுதி மூத்த மகனுக்கு. மகனே இல்லையென்றால் மகள்களுக்கு. இங்கிலாந்தில் மகள்கள் சமமாகப் பிரித்துக்கொள்வது வழக்கமானது. பிரான்சின் தென்மேற்கில் இருந்த அக்கிட்டேன் போன்ற பெரிய டியூக் ஆட்சி மட்டும் துண்டாகாமல் மூத்தவளுக்குப் போகும். அப்பா இல்லாத வாரிசுப் பெண்ணுக்குக் காப்பாளர், அவள் நிலத்துக்கு மேலாளராக இருக்கும் அரசரோ பெரும்பிரபுவோதான். அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதும் அவர் கையில். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் ஒரு பங்கு, இங்கிலாந்தில் பொதுவாக மூன்றில் ஒன்று, அவள் வாழும்வரை அவளுக்கு. பிள்ளை இல்லாமல் அவள் இறந்தால் அவள் கொண்டுவந்த நிலம் பிறந்த வீட்டு உறவுக்கே போய்விடும். ஆக, ஒரு பிள்ளை பிறக்கிறதா இல்லையா என்பது அங்கே வீட்டு விஷயம் மட்டும் இல்லை.

சரி, இது நடைமுறையில் எப்படி ஓடியது என்பதற்கு எலினோரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1137 ஏப்ரலில், புனித வெள்ளியன்று, அக்கிட்டேன் டியூக் பத்தாம் வில்லியம் ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரையில் இறந்துபோனார். அவருடைய ஒரே மகன் அதற்கு முன்பே போய்விட்டான். மிச்சம் இரண்டு பெண்கள்: எலினோர், பெட்ரோனில்லா. மூத்தவளுக்கு வயது 13 அல்லது 15. அவளுக்கு வந்த நாடு, பாரிஸைச் சுற்றிப் பிரான்சு அரசர் நேரடியாக ஆண்ட நிலத்தைவிடப் பெரியது. காப்பாளரான ஆறாம் லூயி அரசர் படுத்த படுக்கையில் இருந்தும் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. தன் மகன் ஏழாம் லூயியையே மாப்பிள்ளையாக அனுப்பினார். ஜூலை 25 அன்று போர்தோ நகரப் பேராலயத்தில் கல்யாணம். ஆகஸ்ட் 1 அன்று ஆறாம் லூயி காலமானார். ஒரே வாரத்தில் அந்தச் சிறுமி பிரான்சின் அரசி.

ஆனால் அக்கிட்டேன் பிரான்சு அரச நிலத்தோடு கலக்கவில்லை. அது எலினோரின் நாடாகவே இருக்கும், இருவருக்கும் பிறக்கும் வாரிசு காலத்தில்தான் இரண்டும் ஒரு கைக்கு வரும் என்பது ஏற்பாடு. அந்த வாரிசுதான் வரவில்லை. 15 ஆண்டுகளில் இரண்டு பெண் குழந்தைகள்: மரி, அலிக்ஸ்.

இங்கே திருச்சபையின் உறவுமுறைச் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்றைய திருச்சபை மணவிலக்கை ஏற்கவில்லை. ஏழு தலைமுறைக்குள் பொது முன்னோர் இருந்தால் கல்யாணமே செல்லாது என்ற விதி மட்டும் இருந்தது. பிரபுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தவை. ஏழு தலைமுறை தோண்டினால் யாருக்கும் யாரும் உறவுதான். கட்டும்போது இதை யாரும் கிளப்பமாட்டார்கள். கழற்ற வேண்டிய நாளில் வம்சாவளிச் சுருளோடு ஓர் ஆயர் வந்து நிற்பார்.

பெட்ரோனில்லா விஷயத்தில் இது ரத்தமாகவே முடிந்தது. வெர்மாந்துவா கவுண்ட் ராவுல் அவளை மணப்பதற்காகத் தன் மனைவியை உறவுமுறைக் காரணம் சொல்லி விலக்கினார். அந்த மனைவி ஷாம்பெய்ன் கவுண்டின் சொந்தக்காரி. போப் அந்த விலக்கை ஏற்கவில்லை, அரசர் லூயியோ மைத்துனியின் பக்கம் நின்றார். வந்த சண்டையில் லூயியின் படை வித்ரி ஊருக்குத் தீ வைத்தது. தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த ஆயிரம் பேருக்கு மேல் வெந்து செத்தார்கள் என்று பதிவு இருக்கிறது. ஒரு பிரபு வீட்டுக் கல்யாணத் தகராறுக்கு, அந்த வீட்டு வாசலைக்கூடப் பார்த்திராத குடியானவர்கள் கொடுத்த விலை அது. இந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வித்ரிதான்.

எலினோர்–லூயி மணமும் அதே காரணத்தைச் சொல்லித்தான் முறிந்தது. இருவரும் பிரான்சு அரசர் இரண்டாம் ராபர்ட்டின் வழிவந்தவர்கள். இரண்டாம் சிலுவைப் போருக்குச் சேர்ந்து போன இடத்தில் பிளவு முற்றியது. திரும்பும் வழியில், 1149இல், போப் மூன்றாம் யூஜீனியஸ் இருவரையும் சமாதானம் செய்து, உறவுமுறைப் பேச்சை இனி எடுக்கவே கூடாது என்று தடுத்தார். அடுத்துப் பிறந்ததும் பெண். மகன் வேண்டும் என்ற அரசரின் கவலைக்கு முன் போப்பின் தடை நிற்கவில்லை. 1152 மார்ச் 21 அன்று போஜான்சியில் ஆயர்கள் கூடி மணம் செல்லாது என்று அறிவித்தார்கள். பெண் குழந்தைகள் இருவரும் முறையான வாரிசுகள்தான், ஆனால் அப்பாவிடமே இருப்பார்கள் என்று முடிவானது. எலினோர் தன் நாட்டோடு வெளியே வந்தார்.

வெளியே வந்த பெண் அப்போது மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய சொத்து. புவாத்தியே நகரத்துக்குப் போகும் வழியில் இரண்டு பேர் அவரைக் கடத்திக் கட்டாயமாக மணக்கக் காத்திருந்தார்கள். ஒருவர் புளுவா கவுண்ட் திபோ, இன்னொருவர் அக்கிட்டேனுக்கு வடக்கே இருந்த ஆஞ்சு நாட்டை ஆண்ட குடும்பத்தின் இளையவர் ஜெஃப்ரி. இருவரிடமிருந்தும் தப்பி ஊர் சேர்ந்தார். எட்டே வாரத்தில், மே 18 அன்று, அந்த ஜெஃப்ரியின் அண்ணன் ஹென்றியை மணந்தார். ஹென்றிக்கு 19 வயது, எலினோருக்கு முப்பதை ஒட்டி. மேலாளரான லூயியிடம் அனுமதி கேட்கவே இல்லை. லூயியைவிட ஹென்றிதான் அவருக்குக் கிட்டத்து உறவு என்பதையும் அன்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஹென்றி யார் என்பதற்குப் பின்னால் இன்னொரு வாரிசுப் பெண் இருக்கிறார். இங்கிலாந்தின் முதலாம் ஹென்றிக்கு முறையான மணத்தில் பிறந்த ஒரே மகன் 1120இல் 'வெள்ளைக் கப்பல்' மூழ்கியதில் இறந்ததும், அரசர் தன் மகள் மெட்டில்டாவை வாரிசாக ஏற்கும்படி பிரபுக்களைச் சத்தியம் செய்ய வைத்தார். அவரை ஆஞ்சு கவுண்டுக்குக் கட்டிக்கொடுத்ததுதான் நார்மண்டிப் பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. ஆஞ்சு அவர்களுக்குப் பரம்பரைப் பகை. அரசர் இறந்த 1135இல் மெட்டில்டாவின் அத்தை மகன் ஸ்டீஃபன் முந்திக்கொண்டு முடிசூடினார். நீண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1153இல் உடன்பாடு: ஸ்டீஃபன் ஆயுள்வரை ஆளட்டும், அப்புறம் மெட்டில்டாவின் மகன் ஹென்றி. 1154 டிசம்பரில் ஹென்றியும் எலினோரும் இங்கிலாந்தின் அரசரும் அரசியுமாக முடிசூடினார்கள். அம்மா வழியில் இங்கிலாந்தும் நார்மண்டியும், அப்பா வழியில் ஆஞ்சு, மனைவி வழியில் அக்கிட்டேன். ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து பிரனீஸ் மலைவரை நீண்ட அந்த ஆட்சியை ஹென்றிக்குச் சேர்த்துக் கொடுத்தவர்கள் முதன்மையாக இரண்டு பெண்கள்.

இனி லூயியும் ஹென்றியும் செய்த சம்பந்தங்களைப் பாருங்கள். நார்மண்டிக்கும் பாரிஸுக்கும் நடுவே வெக்சான் என்ற ஒரு சின்னப் பகுதி, ஜிசோர் கோட்டை அங்கேதான். இரு பக்கத்துக்கும் அது உயிர்நாடி. 1158இல் ஹென்றியின் மூத்த மகனுக்கும் லூயியின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த மார்கரெட்டுக்கும் நிச்சயம் செய்து, வெக்சானைச் சீதனமாகப் பேசினார்கள். கல்யாணம் நடக்கும்வரை கோட்டைகள் டெம்ப்ளர் துறவிப் படையின் பொறுப்பில். குழந்தைகள் வளரப் பத்து வருஷம் ஆகும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்பது லூயியின் கணக்கு. 1160 அக்டோபரில் லூயியின் மனைவி பிரசவத்தில் இறந்தார். லூயி ஷாம்பெய்ன் குடும்பத்தில் மூன்றாவது மணத்துக்கு உடனே ஏற்பாடு செய்தார். மகன் பிறந்துவிட்டால் கணக்கு மாறிவிடுமே! ஹென்றி போப்பின் தூதர்களிடம் சிறப்பு அனுமதி வாங்கி, நவம்பர் 2 அன்று கல்யாணத்தை நடத்தியே விட்டார். மாப்பிள்ளைக்கு ஐந்து வயது. பெண்ணுக்கு மூன்றுகூட ஆகியிருக்காது. டெம்ப்ளர்கள் கோட்டைச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் இரண்டு பேர் போப் பதவிக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் அலெக்சாண்டருக்கு ஹென்றியின் ஆதரவு தேவைப்பட்டது. அனுமதி அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததன் காரணம் அதுதான்.

லூயியின் மூன்றாவது கல்யாணமும் ஒரு கூட்டணி. மணப்பெண் அடேலின் அண்ணன்மார் இருவருக்கு எலினோர் பெற்ற பெண்களைக் கொடுத்தார்: மரி ஷாம்பெய்ன் கவுண்டுக்கு, அலிக்ஸ் புளுவா கவுண்டுக்கு. மைத்துனர்களே மருமகன்களும் ஆனார்கள். அந்தப் புளுவா கவுண்ட் வேறு யாரும் இல்லை, 1152இல் எலினோரைக் கடத்தப் பார்த்த அதே திபோ.

ஹென்றியின் பெண்களும் நாலு திசைக்குப் போனார்கள். மெட்டில்டா சாக்சனி டியூக்குக்கு, எலினோர் (அம்மாவின் பெயர்தான்) காஸ்டில் அரசர் எட்டாம் அல்ஃபோன்சோவுக்கு, ஜோன் சிசிலி அரசருக்கு. மகன் ஜெஃப்ரிக்குப் பிரிட்டனி நாட்டின் வாரிசுப் பெண் கான்ஸ்டன்ஸ். கடைசிப் பிள்ளை ஜானுக்குத்தான் நிலம் மிச்சமில்லை. 1173இல் ஆல்ப்ஸ் கணவாய்களைக் கையில் வைத்திருந்த மோரியன் கவுண்டின் மகளை அவனுக்குப் பேசினார்கள். பையனுக்கு என்ன தருவீர்கள் என்று சம்பந்தி வீட்டார் கேட்க, ஹென்றி ஷினோன், லூதான், மிரபோ என்ற மூன்று கோட்டைகளை எழுதித் தந்தார். அவை மூத்த மகனுக்கு என்று வைத்திருந்தவை. முடிசூட்டியும் ஒரு பிடி நிலம் கையில் தரப்படாமல் இருந்த மூத்தவர் கொதித்துப்போய் மாமனார் லூயியிடம் ஓடினார். தம்பிகள் ரிச்சர்டும் ஜெஃப்ரியும் சேர்ந்துகொண்டார்கள். எலினோரும் பிள்ளைகள் பக்கம் நின்றார். அந்த மணப்பெண் சீக்கிரமே இறந்துபோனாள், கல்யாணம் நடக்கவே இல்லை. கலகம் மட்டும் நடந்தது. தோற்ற எலினோர் கணவர் சாகும் 1189 வரை காவலில் இருந்தார்.

அந்தக் காவல் காலத்தில்தான் நான் முதலில் சொன்ன விதிக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி கிடைக்கிறது. 1185இல், தான் ஆண்டுவந்த அக்கிட்டேனைத் தம்பி ஜானுக்கு விட்டுத்தர ரிச்சர்ட் மறுத்துக்கொண்டிருந்தார். ஹென்றி படை அனுப்பவில்லை. காவலில் இருந்த எலினோரை நார்மண்டிக்கு வரவழைத்து, "நாட்டை உன் தாயிடம் ஒப்படை" என்றார். ரிச்சர்ட் மறுபேச்சில்லாமல் ஒப்படைத்தார். பத்து வருஷத்துக்கு மேல் அடைபட்டிருந்த பெண்ணின் உரிமைக்கு, அவரை அடைத்து வைத்தவரே கைநீட்ட வேண்டியிருந்தது.

அரச குடும்பத்துக்கு ஒரு படி கீழே வாருங்கள். வில்லியம் மார்ஷல் ஒரு பிரபுவின் நிலமில்லாத இளைய மகன், போட்டிப் பந்தயங்களில் வாள் சுழற்றிப் பெயர் எடுத்தவர். 1189இல், நாற்பதைத் தாண்டிய வயதில், அரசரின் காப்பில் இருந்த இசபெல் டி கிளேரை அவருக்குக் கொடுத்தார்கள். இசபெல்லுக்குப் பதினேழு இருக்கும். வேல்ஸில் பெம்புரோக், ஸ்ட்ரிகில், அயர்லாந்தில் லென்ஸ்டர் எல்லாம் அவளோடு வந்தன. லென்ஸ்டர் அவளுக்கு வந்த விதமும் கல்யாணம்தான்: துரத்தப்பட்ட லென்ஸ்டர் அரசர் டெர்மட் 1170இல் படை உதவிக்கு விலையாகத் தன் மகள் ஈஃபாவை ரிச்சர்ட் டி கிளேருக்குக் கொடுத்தார், தனக்குப் பின் நாடும் அவருக்கே என்ற பேச்சோடு. மார்ஷலுக்கு ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். ஐந்து மகன்களும் ஒருவர் பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்து, வாரிசு இல்லாமலே இறந்தார்கள். 1245இல் அத்தனை நிலமும் மகள்கள் வழியில் ஐந்தாகப் பிரிந்தது.

இப்படிப்பட்ட பெண்களையும் விதவைகளையும் அரசு கணக்குப் புத்தகத்தில் ஏற்றி வைத்திருந்தது என்பது மிகைப்பேச்சு இல்லை. 1185இல் இங்கிலாந்தின் 12 மாவட்டங்களில் எடுத்த பதிவேடு இன்றும் இருக்கிறது. யார் விதவை, வயது என்ன, எத்தனை பிள்ளைகள், நிலத்தின் வருமானம் எவ்வளவு, எத்தனை ஆடுமாடு என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஜான் அரசரானதும் இதை வியாபாரமாகவே ஆக்கினார். தன் முதல் மனைவி குளோஸ்டர் இசபெல்லை உறவுமுறை சொல்லி விலக்கிவிட்டு, அவர் நிலத்தைக் கையில் வைத்திருந்து, 1214இல் ஜெஃப்ரி டி மாண்டெவில் என்பவருக்கு 20,000 மார்க் விலைக்கு மணம் செய்துவைத்தார். மறுவருஷம் பிரபுக்கள் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தை எழுதி வாங்கியபோது, விதவைக்கு அவள் பங்கும் சீதனமும் காசு வாங்காமல் உடனே தர வேண்டும், கணவன் இல்லாமல் வாழ விரும்புகிறவளை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 7, 8ஆம் பிரிவுகளில் சேர்த்தது சும்மா இல்லை. ஏழு தலைமுறைத் தடையும் அதே 1215இல்தான் போப் கூட்டிய லேட்டரன் பேரவையில் நாலாகக் குறைந்தது.

கேள்வியின் கடைசிப் பகுதி: பெண்களின் பேச்சுக்கு மதிப்பு இருந்ததா? சிறுமியாக இருக்கும்போது அநேகமாக இல்லை. லூயியின் இன்னொரு மகள் அலிஸ் 1169இல் ரிச்சர்டுக்கு என்று நிச்சயமாகிக் குழந்தையாகவே ஹென்றியின் வீட்டுக்கு வந்தவள். கல்யாணமும் செய்யாமல் திருப்பியும் அனுப்பாமல் இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். மூத்த மகன் இறந்து மார்கரெட் விதவையானதும், வெக்சானுக்குச் சாக்கு இந்த அலிஸின் சீதனம்தான். 1191இல் ரிச்சர்ட் 10,000 மார்க் தருவதாக ஒப்புக்கொண்டு அந்த நிச்சயத்திலிருந்து விடுபட்டு, நவார் நாட்டு பெரங்காரியாவை சைப்ரஸில் மணந்தார். அலிஸ் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட எந்தப் பதிவிலும் நான் பார்த்ததில்லை. அதைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது.

வயதான பிறகு, விதவையான பிறகு, கதை வேறு. ரிச்சர்ட் 1199இல் இறந்ததும் 75 வயதை ஒட்டிய எலினோர் நேரே லூயியின் மகனான பிரான்சு அரசர் பிலிப்பிடம் போய், அக்கிட்டேனுக்காகத் தானே விசுவாச உறுதி கொடுத்தார். அதன்பின் அதை மகன் ஜானோடு பிணைத்தார். நாடு தன் பெயரில் இருக்கும்வரை ஜானின் தவறுகளைக் காட்டி பிலிப்பால் அதைத் தொட முடியாது என்பது அவர் போட்ட கணக்கு. அடுத்த வருஷம் குளிர்காலத்தில் பிரனீஸ் மலையைத் தாண்டிக் காஸ்டில் போனார். ஜானுக்கும் பிலிப்புக்கும் வந்த சமாதானத்தின்படி எலினோரின் பேத்தி ஒருத்தி பிலிப்பின் மகனுக்கு மனைவியாக வேண்டும். பேத்திகளில் பிளான்ஷைத் தேர்ந்து அழைத்துவந்தார். 1200 மே மாதம் கல்யாணம், இருவருக்கும் 12 வயது. பிலிப் தன் டென்மார்க் மனைவியைக் கல்யாணத்துக்கு மறுநாளே தள்ளிவைத்த குற்றத்துக்காகப் பிரான்சு முழுவதும் திருச்சபைச் சடங்குகளுக்குத் தடை இருந்தது; அதனால் எல்லை தாண்டி நார்மண்டி மண்ணில் நடத்தினார்கள். அந்தப் பிளான்ஷ்தான் பின்னாளில் ஒன்பதாம் லூயி சிறுவனாக இருந்தபோது பிரான்சை ஆண்டவர்.

அந்தச் சமாதானத்தை ஜானே கெடுத்தார். அதே 1200 ஆகஸ்டில், லூசினியான் பிரபு ஹியூவுக்கு நிச்சயமாகியிருந்த ஆங்குலேம் நாட்டு வாரிசு இசபெல்லாவைத் தான் மணந்தார். அரசியலாகப் பார்த்தால் காரணம் இருந்தது: லூசினியானும் ஆங்குலேமும் ஒன்றானால் ஜானின் நிலம் நடுவில் வெட்டுப்படும். ஆனால் பெண்ணை இழந்த குடும்பத்துக்கு ஈடாக எதுவும் தரவில்லை. அவர்கள் மேலாளர் பிலிப்பிடம் முறையிட்டார்கள். ஜான் விசாரணைக்குப் போகவில்லை. 1202இல் பிலிப் அவர் நிலங்கள் பறிக்கப்பட்டதாக அறிவித்தார். 1204இல் நார்மண்டியே போனது. எலினோர் இறந்ததும் அந்த வருஷ வசந்தத்தில்தான்.

இசபெல்லா சும்மா இருந்துவிடவில்லை. ஜான் இறந்த பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பி, 1220இல் அந்த ஹியூவின் மகனையே மணந்துகொண்டார். அந்த மகனுக்கு நிச்சயமாகியிருந்தது இசபெல்லாவின் சொந்த மகள் ஜோன்! இங்கிலாந்தை ஆண்ட மகன் மூன்றாம் ஹென்றிக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது: பெண் சின்னவள், இவரோ பிரான்சில் பெண் எடுத்துவிடுவார் போலிருந்தது, அப்படி நடந்தால் இந்தப் பக்கத்து நிலமெல்லாம் உன் கையைவிட்டுப் போய்விடும், அதனால் நானே மணந்தேன் என்று விளக்குகிறார். மகளின் மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டதற்கு இதுதான் முழுக் காரணமா என்று தெரியாது. ஆனால் ஓர் அரசவைத் தூதர் சொல்லக்கூடிய காரணத்தை அவர் சொன்னார், கூடவே தனக்கு வரவேண்டிய பங்கையும் கேட்டார்.

அலிஸை விட்ட இடத்தில் விட்டுவிட எனக்கு மனமில்லை. 1195இல் தம்பி பிலிப்பிடம் திரும்பி வந்த அவரை, போந்தியூ என்ற சின்ன நாட்டின் கவுண்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மகள், மரி. மரியின் மகள் ஜோன் காஸ்டில் அரசருக்கு மனைவியானார். ஜோனின் மகள் எலினோரை 1254இல் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் மணந்தார். எட்டாம் அல்ஃபோன்சோவின் மனைவி கொண்டுவந்த சீதனம் என்று சொல்லிக் காஸ்டில் விடாமல் கேட்டுவந்த, அக்கிட்டேனின் தென்பகுதியான காஸ்கனியின் உரிமையை அந்தக் கல்யாணத்தில்தான் கைவிட்டார்கள். 1279இல் ஜோன் இறந்ததும் போந்தியூவும் மகளோடு இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. ரிச்சர்டுக்கு மனைவியாக இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு அழைத்துவரப்பட்டு, இருபது வருஷம் காத்திருந்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட அலிஸின் கொள்ளுப்பேத்தி அப்போது இங்கிலாந்தின் அரசியாக இருந்தார்.